தொட்டிலருகே சிலேட்டு

1880களின் நடுவில், ராஜமுந்திரியில் உடல்நலம் கெட்ட கிருபாபாய் சத்தியநாதன் கணவர் சாமுவேலுடன் கும்பகோணத்துக்குக் குடிவந்தார். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். அகமதுநகரில், பிராமணக் குடியிலிருந்து கிறித்தவம் தழுவிய பெற்றோருக்கு 1862இல் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே பாராட்டுப் பெற்று, உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பை நிறுத்தியவர். கும்பகோணத்திலும் அவர் உடம்பு தேறுவதும் விழுவதுமாகவே இருந்தது. ஆனாலும் அவர் அங்கே நிறைய எழுதினார். 1886இல் சென்னைக்குத் திரும்பியபோது ஒரு முழு நாவலை எழுதும் அளவுக்குக் கை பழகியிருந்தது. 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்த 'சகுணா' அந்த நாவல். இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்க கால நாவல்களில் ஒன்று.

'சகுணா' பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் கதை. அதில் வரும் பெண் முதலில் படித்தது பள்ளியில் அல்ல, வீட்டில். சொல்லித்தந்தவர் அண்ணன். அந்த அண்ணன் இளவயதில் இறந்துபோகிறார். அவர் வைத்துவிட்டுப்போன புத்தகங்களும் பேச்சுகளும் தங்கையிடம் தங்குகின்றன. மருத்துவக் கல்லூரிவரை போன ஒரு பெண்ணின் கல்வி அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் தொடங்கியிருக்கிறது என்பதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெண் கல்வி வரலாறு என்றாலே பள்ளிக்கூடம் திறந்த தேதியும் திறந்தவர் பெயரும்தான் நமக்குச் சொல்லப்படுகின்றன. பள்ளிக்குப் பின்னால், சில சமயம் பள்ளிக்குப் பதிலாக, ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் யாரோ ஒருத்தி ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறுகையால் சிலேட்டைப் பிடித்திருந்தாள்.

இன்று 'ஹோம்ஸ்கூலிங்' என்று ஒரு பெயர் இதற்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1980களில் பெருகிய கிறித்தவக் குடும்பங்களின் இயக்கம் அதன் ஓர் ஊற்று. அங்கிருந்து வரும் பாடநூல்களை வைத்துச் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் சில கிறித்தவக் குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கின்றன. அநேகமாக எல்லா வீட்டிலும் ஆசிரியர் தாய்தான். மடியில் ஒன்று, மேசையில் இரண்டு, அடுப்பில் குக்கர். புதிய வாழ்க்கை முறை என்று இதைப் பார்த்து வியப்பவர்களும் முகம் சுளிப்பவர்களும் உண்டு. காவிரிக் கழிமுகத்தின் கிறித்தவ வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வரலாற்றுக்கு ஒரு விசித்திரமான தொடக்கம் உண்டு: தொடக்கத்தில் மிஷனரிகள் தமிழ் வீட்டை நம்பவே இல்லை.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்தது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐவர், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே 1707இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கியது. வாசிப்பு, எழுத்து, ஞானோபதேசம், அவற்றோடு நூற்றலும் பின்னலும். பிள்ளைகள் பலரை மிஷனே சோறும் துணியும் தந்து வைத்துக்கொண்டது. ஏழைகளுக்கு அது பெரிய ஆதரவு என்பதில் சந்தேகமில்லை. அதற்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. வீட்டில் விட்டால் பிள்ளை அம்மாவின் பழைய கும்பிடுகளுக்குத் திரும்பிவிடும். ஆகவே பிள்ளையை அம்மாவிடமிருந்து எடுக்க வேண்டும். மதமாற்றத்தில் மிஷனரி அஞ்சிய முதல் எதிராளி பூசாரி அல்ல, தாய்தான் என்று நான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கும் அம்மைக்கு வேப்பிலையும் குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் தாயத்தும் அவள் கையில் இருந்தன.

ஒரு நூற்றாண்டு கழித்து இது தலைகீழானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் எழுத்துகளைப் புரட்டினால் தாயை விட்டால் நாதியில்லை என்ற தொனி. கிறித்தவ வீடு, கிறித்தவ அன்னை, தாயின் மடியில் ஜெபம். நடுவில் என்ன நடந்தது? ஐரோப்பாவிலேயே நடுத்தர வர்க்கத்து வீடு ஒரு கோயிலாக உயர்த்தப்பட்டதும், மிஷனரிகள் மனைவி மக்களோடு வரத் தொடங்கியதும் ஒரு காரணம். இன்னொரு காரணம் உள்ளூர்ச் சங்கதி: அதற்குள் மூன்று நான்கு தலைமுறைக் கிறித்தவப் பெண்கள் இங்கே உருவாகியிருந்தார்கள். இனி தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை. தாயையே ஆசிரியை ஆக்கிவிடலாம்.

வீட்டுக் கல்வி தமிழ்நாட்டுக்குக் கிறித்தவம் கொண்டுவந்ததும் அல்ல. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். தஞ்சாவூர் உட்படப் பல இடங்களிலிருந்தும் பட்டியல் போனது. 1826இல் அவர் எழுதிய குறிப்பு இதில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறது: சென்னை நகரில் பள்ளியில் படித்தவர்களைவிட வீட்டில் படித்தவர்கள் பல மடங்கு அதிகம். சொல்லித்தந்தவர்கள் உறவினரும் தனி ஆசிரியரும். பெண்கள் பள்ளிக் கணக்கில் மிகச் சொற்பம்; அப்படி வந்தவர்களிலும் ஆடல் மகளிர்தான் குறிப்பாகப் பேசப்படுகிறார்கள். வீட்டில் கற்பித்த பெண்களை அந்தக் கணக்கு எண்ணி எழுதவில்லை. மருமகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த அத்தை எந்தப் பட்டியலில் வருவாள்?

வீட்டில் கற்ற ஒரு தஞ்சாவூர்ப் பெண் மட்டும் வரலாற்றில் பெயரோடு நிற்கிறார். மராத்தி பிராமண விதவை கோகிலா. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். ஆங்கிலமும் கிறித்தவமும் அவர் வழியாகவே கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறாய் என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டையில், அதே சுவார்ட்ஸ் கையால் கிளாரிந்தா ஆனார். அவர் வளர்த்த சிறுவனுக்கும் அன்றே ஞானஸ்நானம். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் அவருடையது. 1785இல் அங்கே அவர் எழுப்பிய கோயில் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. விதவை, வைப்பாட்டி, வளர்ப்புத் தாய், சபையின் முதல் ஆள். பின்னால் வந்த 'கிறித்தவ அன்னை' என்ற சட்டகத்துக்குள் இவரை அடைப்பது கடினம். அதனால்தானோ என்னவோ பிரசங்கங்களில் அவருடைய கோயிலைப் பேசும் அளவுக்கு அவருடைய வீட்டைப் பேசுவதில்லை. (அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.)

இப்போது மாயவரத்துக்கு வருவோம். அங்கே பிறந்து தரங்கம்பாடி மிஷனில் வளர்ந்தவர் ஜான் தேவசகாயம். தரங்கம்பாடியைச் சுற்றி இலவசப் பள்ளிகள் நடத்திய டாக்டர் ஜானின் மாணவர். அந்தப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1830இல் ஆங்கிலிக்கன் குருவாகப் பட்டம் பெற்றார்.  பிறகு குடும்பம் திருநெல்வேலிச் சீமைக்குப் போனது. அவர் மகள் அன்னாள் சத்தியநாதன். 1849இல் டபிள்யூ. டி. சத்தியநாதனை மணந்தார். 1860களில் கணவரோடு சென்னைக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வராத மேல்சாதிப் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடம் சொன்னார். குழந்தை வளர்ப்பைப் பற்றித் தமிழில் 'நல்ல தாய்' என்று ஒரு சிறுநூலும் எழுதினார்.

அந்தத் தலைப்பு எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது. நல்ல தாய் என்று ஒருத்தியைச் சொன்ன மாத்திரத்தில் கெட்ட தாய் ஒருத்தி பிறந்துவிடுகிறாள். அவள் பெரும்பாலும் ஏழையாக, படிக்காதவளாக, வேறு சாமி கும்பிடுகிறவளாகத்தான் இருப்பாள். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாய்மை அதுவரை எழுதிப் படிக்க வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. மாமியார் சொல்வாள், மருத்துவச்சி சொல்வாள். அன்னாள் அதை அச்சில் ஏற்றியபோது, தமிழ்ப் பெண் ஒருத்தி தன்னைப் போன்ற பெண்களுக்கு நூலாசிரியராகிவிட்டார். மதபோதகர் பேச வேண்டிய இடத்தில் போதகரின் மனைவி பேசினார். 'தாய்' என்ற சொல்லை அனுமதிச் சீட்டுபோல் கையில் வைத்துக்கொண்டுதான் அவரால் அச்சகத்துக்குள் நுழைய முடிந்தது.

அதே பத்தாண்டில் மாயூரத்தில் ஒரு கத்தோலிக்க முன்சீப்பும் இதே வழியாகத்தான் வாதாடிக்கொண்டிருந்தார். வேதநாயகம் பிள்ளை 1869இல் 'பெண்மதி மாலை' வெளியிட்டார். அதையொட்டி 'பெண் கல்வி', 'பெண் மானம்' ஆகிய உரைநடை நூல்களும் வந்தன. பிள்ளைகள் தகப்பனைவிடத் தாயோடுதான் அதிக நேரம் இருக்கிறார்கள், ஆகவே தாய் படித்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் வலுவான வாதம். அவருக்கும் அது கைகொடுத்தது. 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் படிப்பு நடப்பது வீட்டில்தான். செல்லம் கொடுத்து மகனின் படிப்பைக் கெடுக்கும் வீட்டார் நடுவில், அவன் படித்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நிற்பவர் தாய் சுந்தரத்தண்ணி. பிரதாபன் பாடத்தில் தவறினால் அடி வாங்குவது உபாத்தியாயரின் மகன் கனகசபை என்ற ஏற்பாட்டை ஆசிரியர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். எனக்கு அந்த இடம் சிரிப்போடு முடிவதில்லை. பணக்கார வீட்டின் வீட்டுக் கல்விக்கு வேறொரு வீட்டுப் பிள்ளையின் முதுகு தேவைப்பட்டிருக்கிறது.

யார் வீட்டில் கல்வி, யார் வீட்டில் அடி என்ற கேள்வி தஞ்சாவூரில் சாதியைத் தொடாமல் நகராது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். பாடல்களுக்குப் பெயர்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரும் அந்தப் பக்கம்தான் நின்றார். கோயிலில் கலந்து உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறுவதும்தான் வெளியே தெரிந்த சண்டை. உள்ளே இருந்தது சமையலறை. சாதியைக் காப்பது கோயில் பெஞ்சு அல்ல. யார் சமைப்பது, யார் வீட்டுத் தண்ணீர், யார் பிள்ளையோடு நம் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுவது என்பவைதாம். 1835இல் பிஷப் நேரில் வந்தும் பலர் பணியவில்லை. சாதி விஷயத்தில் கண்டும் காணாமல் இருந்த லீப்சிக் லுத்தரன் மிஷன் பிறகு வந்தபோது, பலர் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பின்னணியில் 'பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லித்தருகிறோம்' என்ற வாக்கியம் வேறு மாதிரிக் கேட்கிறது. வீடு பக்தியின் இடமாக மட்டும் இருக்கவில்லை. தீட்டு நுழையாத இடமாகவும் இருந்தது. பள்ளி எவ்வளவு குறைபாடுள்ளதாக இருந்தாலும் அங்கே இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும் அபாயம் இருந்தது. அந்த அபாயத்தைத்தான் நான் கல்வி என்பேன். வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய பெற்றோரிடமும், எதிலிருந்து பிள்ளையைக் காக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும். தேர்வுப் பயத்திலிருந்தா, அடியிலிருந்தா, அல்லது அடுத்த தெருவிலிருந்தா?

அடுத்த தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது? கழிமுகத்தின் கிறித்தவர்களில் கணிசமானோர் பண்ணையாட்களாக இருந்த தலித் மக்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காலையில் ஜெபத்துக்கும் பாடத்துக்கும் கூடம் இல்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்றுப் பறித்து நட்டவள் அவள். வரப்போரம் பூவரசிலோ வேம்பிலோ பழம்புடவையைக் கட்டித் தூளியாக்கி, பச்சைப் பிள்ளையை அதில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பெரிய பிள்ளை, அதாவது ஆறேழு வயதுப் பெண், தூளிக்குக் காவல். அந்தச் சிறுமியின் படிப்பு அங்கேயே முடிந்தது. 'நல்ல தாய்' எந்த நேரத்தில் எந்தக் கையால் சிலேட்டைப் பிடிப்பாள்? தாய்தான் முதல் ஆசிரியை என்று சொன்னவர்கள், தாய்க்குப் பகல் பொழுது சொந்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நடவு நடுகிறவளின் பகல் பண்ணையாருடையது. அவளுடைய மகளைத் தூளிக் காவலிலிருந்து விடுவித்தது எந்தத் தாயின் அறிவுரையும் அல்ல. பள்ளியும், பால்வாடியும், 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும்தான். அதுவும் முழுதாக விடுவிக்கவில்லை.

கிருபாபாயிடம் திரும்புகிறேன். அவர் வாழ்க்கைப்பட்ட வீடு 'நல்ல தாய்' எழுதிய வீடு; அன்னாளின் மருமகள் அவர். படிப்பும் எழுத்தும் மதிக்கப்பட்ட வீடு. உதகையில் இருந்தபோது இஸ்லாமியச் சிறுமிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற பெயரில் கட்டுரைகள் எழுதினார். அவருக்குப் பிறந்த ஒரே குழந்தை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்த இழப்பு அவரை நொறுக்கியது. உடம்பில் காசம் ஏற்கெனவே குடியேறியிருந்தது. இரண்டாவது நாவல் 'கமலா'வை நோயோடு போராடி முடித்து, 1894இல் இறந்தார், வயது முப்பத்திரண்டு. அவரை நினைவுகூர்ந்து எழுதியவர்கள் பக்தியையும் மென்மையையும் பாராட்டினார்கள். ஆனால் 'சகுணா'வைப் படித்தால் தெரிவது வேறு: பெண் என்பதால் பேசாதே என்று சொன்ன ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருந்த ஒரு கோபக்காரி. தாய்மை கிடைத்தால்தான் பெண்ணின் கல்வி பொருள்படும் என்றால், தொட்டில் வெறுமையான பிறகு அவர் எழுதிய பக்கங்களுக்கு என்ன பொருள்? அவர் காலத்துச் சீர்திருத்தம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதனிடம் பதிலும் இருந்திருக்காது.

சாமுவேல் பின்னர் கமலாவை மணந்தார். (நாவலின் பெயரும் இவர் பெயரும் ஒன்றுதான்.) ஆந்திரத்தில் பிறந்து 1898இல் பி.ஏ. முடித்த கமலா, 1901இல் சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழைத் தொடங்கினார். 1906இல் சாமுவேல் ஜப்பானில் இறந்தபோது, கமலா கையில் ஒரு மகனும் சின்னஞ்சிறு மகளும். பித்தாபுரம் ராணிக்கு வீட்டு ஆசிரியையாக வேலைக்குப் போனார். அந்த மகள் பத்மினி சென்குப்தா வளர்ந்து எழுத்தாளராகி, தாயின் வாழ்க்கையை நூலாக எழுதினார். இந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை மட்டும் கவனியுங்கள். மாமியார் அன்னாள் அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கற்பித்தது ஊழியம். மருமகள் கமலா அடுத்தவர் வீட்டுக்குப் போய்க் கற்பித்தது சம்பளம். இரண்டுக்கும் நடுவில் சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளுக்கு, எத்தனையோ பெண்கள் கற்பித்தது ஊழியமும் இல்லை, சம்பளமும் இல்லை. அதற்குப் 'பாசம்' என்று பெயர் வைத்தாயிற்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று மாணவியர் கேட்பதுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது பத்தாம் பிரிவு. மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் இன்றைய வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வு கைகொடுக்கிறது. சட்டத்தில் 'பெற்றோர்' என்று எழுதியிருக்கிறது. வீட்டில் அது 'அம்மா' என்று வாசிக்கப்படுகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூத்ததுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அந்தப் பெண் பெரும்பாலும் பட்டதாரி. பெரும்பாலும் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் தேர்வு சுதந்திரமானதா, திணிக்கப்பட்டதா என்று வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த வீட்டில் அப்பாவுக்குப் பாட அட்டவணை உண்டா என்று மட்டும் கேட்பேன்.

பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது தமிழ்நாட்டின் எல்லாத் தாய்மார்களும் சில மாதங்களுக்கு வீட்டுப் பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள். நகரத்தில் ஒரு கைப்பேசிக்கு இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். கழிமுகத்துக் கிராமங்களில் அந்த ஒரு கைப்பேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், குடியிருப்புக்குள்ளேயே வகுப்பு. திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் படித்துவிட்டுக் கல்யாணம் ஆனபின் வீட்டில் இருந்தவர்கள். தங்கள் குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்கள். கூடத்துக்குள் சாதி காத்துக் கற்பித்த பழைய வீட்டுக் கல்விக்கு நேர் எதிராக, இது வாசலுக்கு வந்த வீட்டுக் கல்வி. மாதம் ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

2023 செப்டம்பரில் வந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் மாதம் 1,000 ரூபாய்தான். அதை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டு, பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதற்கு ஆயிரம்; வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, சொந்தப் பிள்ளைக்கும் பாடம் சொல்லித்தருவதற்கு ஆயிரம். திருவையாற்றிலோ பாபநாசத்திலோ ஒரு பெண் நடவுக்கு இறங்கினால் சில நாட்களிலேயே இந்தத் தொகை கைக்கு வந்துவிடும்.